கட்டைவிரல் நிற்கும் இடம்

அருள்,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. காலையில்தானே போனில் பேசினோம். உன் இருமல் குறையவில்லை என்று தெரியும். என் பேத்தி யாழினியின் புது யூனிஃபார்ம் தொளதொளவென்று இருக்கிறது என்று தெரியும். விழுப்புரத்து வீட்டுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, பருப்பு வேக மாட்டேன் என்கிறது என்று என் மருமகள் கல்பனா சொன்னதும் தெரியும். எனக்குத் தெரியாததாக உன்னிடம் எதுவும் இல்லை. ஆனால் போனை வைப்பதற்கு முன்னால் நீ ஒன்று கேட்கிறாயே, "படிச்சிட்டியாம்மா?" என்று, அதற்குத்தான் இந்தக் கடிதம். நீங்கள் மூன்று பேரும் சாமான்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டு திண்டிவனத்தை விட்டுப் போன நாளிலிருந்து நீ அதையே கேட்கிறாய். நானும் கண் எரிகிறது, கண்ணாடியைக் காணோம், போனில் சார்ஜ் இல்லை என்று ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறேன். நான் பொய் சொல்லுகிறேன் என்று உனக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் விடாமல் கேட்கிறாய் பார், அது அப்படியே என்னிடமிருந்து உனக்கு வந்த குணம்.

இதை நாலு பேர் பார்க்கும்படியாக எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. உன்னைத் தனியாக உட்கார வைத்துப் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டிவிட்டு நழுவிவிடுவாய். ஊர் பார்க்கச் சொன்னால்தான் உனக்கு உறைக்கும். அதோடு இந்த விஷயத்தில் உன்னைப் போலவே காத்துக்கொண்டிருக்கிறவர்கள் நிறையப் பேர். வெள்ளிக்கிழமை காலையானால் போனில் உன் படக்கதை வரும் என்று பழகிப்போனவர்கள். போன வெள்ளிக்கிழமை அது வரவில்லை. வராததற்குக் காரணம் நீ இல்லை, நான். நான் படித்துவிட்டேன் என்று சொல்லாமல் எந்தப் பகுதியையும் நீ வெளியே விடுவதில்லை என்பது நம் வீட்டு வழக்கம். இந்த முறை என் போனுக்கு நீ அனுப்பி வைத்திருப்பது கடைசிப் பகுதி. நான் சரி என்று சொன்னால் அது போகும், போனால் "மூணாவது விசில்" என்கிற உன் கதையே முடிந்துவிடும். அதற்குத்தான் இழுத்தடிக்கிறேன். வெட்கமில்லாமல் ஒத்துக்கொள்ளுகிறேன்.

நான் இந்தப் படக்கதைகளைப் பற்றி ஒன்றும் அறியாதவள் என்று உனக்குத் தெரியும். ஒலக்கூர் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அரிசி, பருப்பு, முட்டை, எண்ணெய், அடுப்பு, மணி, தட்டு, இதுதான் என் படிப்பு. நீ வேலையை விட்டுவிட்டு, கல்பனா நர்ஸ் வேலைக்குப் போகட்டும், குழந்தையையும் வீட்டையும் நான் பார்த்துக்கொண்டு படம் வரைகிறேன் என்று சொன்னபோது எனக்குப் பாதிதான் புரிந்தது. வீட்டைப் பார்ப்பது புரிந்தது. படம் வரைவது புரிந்தது. இரண்டையும் ஒரே ஆள் ஒரே பகலில் எப்படிச் செய்வான் என்பதுதான் புரியவில்லை. மயிலத்தில் நம் சொந்தக்காரர் கல்யாணத்தில் ஒரு அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டு, பையன் என்ன செய்கிறான் என்று கேட்டாள். வீட்டைப் பார்த்துக்கொண்டு போனில் படக்கதை போடுகிறான் என்று சொன்னேன். "ஐயோ பாவம், நல்ல வேலை கெடைக்கலியா?" என்றாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்றுதான் உனக்குத் தெரியுமே. உங்க வூட்டு ஆம்பளைங்க யாராவது ஒருத்தர ஒரு நாள் அவன் செய்யறத செய்யச் சொல்லுங்க பாப்போம் என்று சொல்லிவிட்டு, பாயசம் வருவதற்கு முன்னாலேயே பந்தியிலிருந்து எழுந்து வந்துவிட்டேன். பாயசம் போனதில் இன்றைக்கும் வருத்தம்தான்.

ஆனால் அவளிடம் நான் சொன்னது வெறும் வீம்பு இல்லை. ஓய்வு பெற்றபின் பகல் முழுவதும் வீட்டிலிருந்து உன்னைப் பார்த்தவள் நான். காலையில் மோட்டார் போடுவாய், யாழினிக்குத் தலை பின்னுவாய், அரிசி களைவாய். அரிசி களையும்போது உன் முகம் வேறெங்கோ இருக்கும். பிறகு ஈரக் கையால் சமையல் மேடைமேல் கட்டம் கட்டமாகக் கோடு இழுப்பாய். ஒரு கட்டத்துக்குள் ஒரு தலை, அடுத்ததில் ஒரு குக்கர், அதற்கும் அடுத்ததில் ஒன்றுமில்லை. அந்த ஈரம் காய்வதற்குள் பார்த்து மனதில் வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். ஒரு நாள் நான் அதைத் தண்ணீர் சிந்திக் கிடக்கிறது என்று நினைத்துத் துணியால் துடைத்துவிட்டேன். நீ பதறிப்போய், "அம்மா, அங்க கதை இருந்திச்சிம்மா" என்றாய். என் வாழ்க்கையில் எத்தனையோ மேடைகளைத் துடைத்திருக்கிறேன், கதையைத் துடைத்தது அன்றைக்குத்தான். அன்றிலிருந்து உன் சமையலறைக்குள் துணியோடு வரும்போது மேடையை ஒரு தரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

எல்லா நாளும் அழகாகவே போனது என்று எழுதினால் கல்பனா சிரிப்பாள். அந்த டிபன் டப்பா சங்கதியை நான் மறக்க முடியுமா? டப்பாவைக் கழுவினாய், துடைத்தாய், மூடினாய், பையில் வைத்தாய், வேனில் ஏற்றி அனுப்பினாய். இட்லியும் மல்லாட்டைச் சட்னியும் அடுப்பங்கரையிலேயே இருந்தன. பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. "எங்க அப்பா டப்பாவுல காத்து வெச்சி குடுத்துட்டாரு" என்று யாழினி அவள் டீச்சரிடம் சொன்னாளாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டே காலம் தள்ளியவளின் பேத்தி காலி டப்பாவைத் திறந்து பார்த்தாள் என்று கேட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீ இட்லியை எடுத்துக்கொண்டு வண்டியில் பறந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தாய். வந்தவனை நான் வாசலிலேயே நிறுத்தித் திட்டினேன். படமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம், புள்ள வயித்துக்கு அப்புறந்தான் எல்லாம் என்றேன். நீ ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு ஒன்றே ஒன்று சொன்னாய்.

"ரெண்டையும் ரெண்டு கையில புடிச்சிக்கினு ஓடறேம்மா. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசுன்னு எனக்கு இல்ல. சில நாளு ஒண்ணு கீழ வுழுந்துடுது."

மறுநாளிலிருந்து நீயே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டாய். பள்ளிக்கூட வேன் தெருமுனை திரும்பும் வரைக்கும் அந்த வரைகிற பேனாவைத் தொடுவதில்லை, சாயங்காலம் வேன் திரும்பி வரும் நேரத்தில் பாதிக் கோட்டில் இருந்தாலும் பேனாவை வைத்துவிடுவது. அந்தப் பாதிக் கோட்டை அப்படியே விட்டுவிட்டு நீ எழுந்து வாசலுக்குப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் மலைத்துப் போவேன். கொதிக்கிற உலையை விட்டுவிட்டு யாராவது கூப்பிட்டால் நான் எழுந்து போவேனா? மாட்டேன். நீ போனாய். அந்த வாரத்துக் கதையாக அந்தக் காலி டப்பாவையே வரைந்தாய். உலகம் சிரித்தது, நான் சிரிக்கவில்லை. உன் கதையில் வருகிற அப்பன் காலி டப்பாவைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அந்தக் கட்டத்தைப் பார்த்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

இனி அந்த வியாழக்கிழமை வழக்கத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்து நான் காலை நீட்டி உட்கார்ந்ததும் நீ போனைக் கொண்டுவந்து என் கையில் கொடுப்பாய். "படிம்மா" என்பாய். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் படிப்பேன். படித்து முடித்ததும் பெரிய விமர்சகி மாதிரி பேசுவேன். இந்தப் பெண்ணுக்கு மூக்கு நீளம், இந்தக் குக்கருக்குக் கைப்பிடி கோணல், இவன் இப்படிப் பேச மாட்டான். நீ எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாய். அடுத்த நாள் பார்த்தால் மூக்கு அதே நீளத்தில் இருக்கும், கைப்பிடி அதே கோணலில் இருக்கும். பிறகு எதற்கு என்னிடம் கொடுக்கிறான், அம்மா என்கிற மரியாதைக்கா என்று நான் உள்ளுக்குள் முறுக்கிக்கொண்டேன். ஒரு நாள் கல்பனாவிடமே கேட்டுவிட்டேன். அவள் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டே சிரித்தாள்.

"அத்தே, நீங்க சொல்றத அவுரு காதுலயே வாங்கறது இல்ல. உங்க மூஞ்சியக்கூட பாக்கறது இல்ல. உங்க கட்டவெரலதான் பாத்துக்கினு இருக்காரு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அடுத்த வியாழக்கிழமை உன்னைப் பிடித்து வைத்துக் கேட்டேன். நீ மாட்டிக்கொண்ட திருடன் மாதிரி விழித்துவிட்டு, அப்புறம் நிதானமாகச் சொன்னாய். புத்தகத்தில் படம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், போனில் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் விடுகிற வெள்ளை இடம்தான் நேரம். கொஞ்சம் விட்டால் உடனே நடந்தது என்று அர்த்தம், நிறைய விட்டால் ஆள் காத்திருந்தான் என்று அர்த்தம். படிக்கிறவர் விரல் எங்கே ஓடுகிறது, எங்கே தயங்குகிறது, எங்கே திரும்ப மேலே போகிறது என்று பார்த்தால்தான் எவ்வளவு வெள்ளை விடுவது என்று தெரியும். என் விரல் ஓடக் கூடாத இடத்தில் ஓடினால், நீ போய் அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் வெள்ளையைக் கூட்டுவாயாம். மற்றவர்களிடம் கொடுத்தால் நீ பார்க்கிறாய் என்று தெரிந்து ஒழுங்காகப் படிப்பார்களாம். நான் மட்டும்தான் மூக்கு நீளம், கைப்பிடி கோணல் என்று பேசுகிற மும்முரத்தில் விரலை மறந்துவிடுகிறேனாம். "உன் வெரலு பொய் சொல்லாதும்மா" என்றாய்.

அருள், அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று உனக்கு நான் சொன்னதே இல்லை, இப்போது சொல்லுகிறேன். நீ வரைவது கோட்டையும் வண்ணத்தையும் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். நீ நேரத்தை வரைகிறாய். ஒன்றுமே இல்லாத வெள்ளையை அளந்து அளந்து வைக்கிறாய். கரண்டியளவு எண்ணெய், கையளவு உப்பு என்று அளந்து பழகிய எனக்கே தலை சுற்றியது. என் வயிற்றில் பிறந்தவனுக்கு இது எங்கிருந்து வந்தது என்று அன்று சாயங்காலம் துணி மடிக்கும்போதும் யோசித்தேன், விளக்கேற்றும்போதும் யோசித்தேன். உங்கள் அப்பா உயிரோடு இருந்திருந்தால் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லியிருப்பேன். அவர் இல்லாததால் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் நல்ல பிள்ளை என்றாள்.

நான் கண்ணைக் காட்டுவதற்குப் பாண்டிக்குப் போய் வந்தேனே, அந்த நாளைப் பற்றியும் உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. அது ஒரு சனிக்கிழமை. திண்டிவனத்தில் பஸ் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், கோட்டக்குப்பம் போகிறவள், பாண்டியில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டுமாம். மடியில் பையை வைத்துக்கொண்டு போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தாள். ஓரக்கண்ணால் பார்த்தேன். கோணல் கைப்பிடிக் குக்கர்! அது உன் கதையில் வருகிற ஆள் இரண்டாவது விசில் வந்ததா மூன்றாவது வந்ததா என்று தெரியாமல் நிற்கிற பகுதி. வியாழக்கிழமை என்னிடம் நீ கொடுத்தபோது அந்த இடத்தில் என் விரல் நிற்காமல் ஓடிவிட்டது, எனக்கு நன்றாக நினைவிருந்தது, ஏனென்றால் நீ உச்சுக்கொட்டினாய். இப்போது அந்த இடத்தில் வெள்ளை நீண்டிருந்தது. அந்தப் பெண்ணின் கட்டைவிரல் ஓடி வந்து, அந்த வெள்ளையில் மெதுவாகி, அப்படியே நின்றுவிட்டது. உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பிறகுதான் அடுத்த கட்டத்துக்குப் போனாள்.

நான் சும்மா இருப்பேனா, பேச்சுக் கொடுத்தேன். என்னம்மா அது, நல்லா இருக்கே என்றேன். அவள் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"நேத்தே படிச்சிட்டேங்க, சும்மா திரும்பப் பாக்கறேன். எங்க வூட்டுக்காரரு குவைத்துல இருக்காருங்க. வெள்ளிக்கெழம அவருக்கு லீவு. அவரு அங்க, நான் இங்க, போன்ல பேசிக்கினே ஒரே நேரத்துல இத படிப்போம். நான் சிரிக்கற எடத்துலயே அவரும் சிரிப்பாரு. அந்த நேரத்துக்கு ஒரே வூட்ல இருக்கறாப்புல இருக்கும்."

வரைகிறவன் என் பிள்ளைதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன், சொல்லாமலே மூடிக்கொண்டேன். என்னைப் போய் யாராவது வாயடைத்தவள் என்று சொன்னால் நம்புவார்களா? திண்டிவனத்தில் நம் வீட்டுச் சமையல் மேடையில் நீ ஈரக் கையால் இழுத்த கோடு, கடல் தாண்டி ஒருவனையும் கோட்டக்குப்பத்தில் ஒருத்தியையும் ஒரே இடத்தில் நிறுத்திச் சிரிக்க வைக்கிறது. என் விரல் ஓடின இடத்தில் அவர்கள் இருவர் விரலும் நிற்கிறது. கண் டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொன்னபோது கண்ணீரில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் பவரை ஏற்றி எழுதிக் கொடுத்துவிட்டார். இந்தக் கண்ணாடி எனக்குச் சரியாக இல்லாததற்குக் காரணம் நீதான்.

பிறகு கல்பனாவுக்கு விழுப்புரத்துக்கு மாற்றல் வந்தது. வீடு மாற வேண்டியதாயிற்று. யாழினிக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது, உனக்கும் ஒரு ஜவுளிக்கடையில் விளம்பரப் படம் செய்கிற வேலை கிடைத்தது. நல்லதுதான். வாடகை வீடு, வளர்கிற பிள்ளை, கல்பனா ஒருத்தியே எத்தனை நாள் இழுப்பாள்? வேலையை விட்டுவிடு என்று நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன். மனம் சொல்லுகிறபடி நட, வீட்டை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லுகிறவர்களின் வீட்டில் பாத்திரம் யார் தேய்க்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். ஆனால் நீ அத்தோடு நிற்காமல் படக்கதையையும் முடித்துவிடுகிறேன் என்றாயே, அதை உன்னை யார் கேட்டார்கள்? கல்பனா கேட்டாளா? அவள் என்னிடம் தனியாக வந்து, நான் நிறுத்தச் சொல்லவே இல்ல அத்தே என்று கண் கலங்கினாள். யாழினி கேட்டாளா? அவள் தன் வகுப்பில் அந்தக் காலி டப்பாக் குழந்தை நான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். நீயேதான் முடிவெடுத்தாய். கேட்டதற்கு, பாதி பாதியாய்ச் செய்வது எனக்குப் பிடிக்காது, செய்தால் வாரா வாரம் ஒழுங்காய்ச் செய்ய வேண்டும், இல்லையென்றால் மரியாதையாய் முடித்துவிட வேண்டும் என்றாய்.

அதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தை அப்போது அடக்கிக்கொண்டேன், மூட்டை கட்டுகிற நேரத்தில் சண்டை வேண்டாம் என்று. இப்போது கேள். ஒரு மழைக்காலத்தில் எங்கள் சத்துணவுக் கூடத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. பருப்பு மூட்டை நனைந்து வீணாகிவிட்டது, காய்கறி வண்டி வரவில்லை, முட்டையும் வரவில்லை. உதவிக்கு இருந்த பெண், "இன்னிக்கி வாணாம் டீச்சர், சோறு இல்லன்னு புள்ளைங்கள வூட்டுக்கு அனுப்பிடலாம்" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. அந்தச் சாப்பாட்டைப் போட எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மணி அடிக்கும்போது பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு வருவார்களே. இருந்த அரிசியைப் பொங்கி, புளியும் மிளகாயும் போட்டு ஒரு ரசம் வைத்தேன். வெறும் சோறு, வெறும் ரசம். பந்தி முழுவதும் பேச்சே இல்லை, உறிஞ்சுகிற சத்தம்தான். ஒரு பிள்ளை தட்டை வழித்துவிட்டு வந்து, "டீச்சர், நாளைக்கும் இந்த ரசம் வெப்பீங்களா?" என்று கேட்டது. பருப்பு இல்லை என்பது எனக்குத்தான் தெரிந்தது. அவர்களுக்குத் தெரிந்தது மணி அடித்தது, தட்டில் சூடாக ஏதோ விழுந்தது, அவ்வளவுதான்.

நீயும் அப்படிச் செய்யேன்டா. வாரா வாரம் முடியவில்லையா, மாதத்துக்கு ஒன்று போடு. நீளமாய் முடியவில்லையா, மூன்று கட்டம் போடு. வண்ணம் கொடுக்க நேரமில்லையா, கறுப்புக் கோடாய் விடு, யாரும் உன்னை அடிக்க வரப்போவதில்லை. கடையில் நிற்கும்போது கதை தோன்றினால் சும்மா மனதில் வாங்கிக்கொள், ஈரம் காய்வதற்குள் வாங்கத்தான் உனக்குத் தெரியுமே. பிள்ளை தூங்கிய பிறகு கண் விழித்து வரைகிறேன் என்று ஆரம்பித்தால் மட்டும் நானே வந்து அந்தப் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு போவேன். தூக்கம் கெட்டவன் வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுவான், அது யாழினிக்கு வேண்டாம். அதற்குப் பதில் ஒரு ஏற்பாடு சொல்லுகிறேன். உனக்குக் கடை விடுமுறை என்றைக்கு என்று சொல். அன்று காலை முதல் பஸ்ஸிலேயே நான் விழுப்புரம் வந்துவிடுகிறேன். சமையல் என்னுடையது, யாழினி என்னுடையவள், அந்த உப்புத் தண்ணீரில் பருப்பை எப்படி வேக வைப்பது என்பதும் என்னுடைய கவலை. நீ கதவைச் சாத்திக்கொண்டு உட்கார். தியாகம் கீகம் என்று ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே. திண்டிவனத்தில் தனியாக ஒருத்திக்கு என்று அரிசி போட்டுப் பொங்க எனக்குக் கை வரவில்லை, எப்போதும் கூடிப்போகிறது. அங்கே வந்தால் தின்பதற்கு ஆள் இருக்கிறது.

இப்போது என் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கிளம்பிப் போன அன்று சாயங்காலமே நீ அனுப்பியதைப் படித்துவிட்டேன். வீடு காலியாகக் கிடந்தது, உன் மேஜை இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறத்தில் இருந்தது, அங்கேயே கீழே உட்கார்ந்து படித்தேன். நீ இதுவரை செய்ததிலெல்லாம் அதுதான் உயர்ந்தது, சந்தேகமே இல்லை. அந்த ஆள் அடுப்பை அணைக்கிறான், குக்கரைத் தொடாமல் பக்கத்தில் உட்காருகிறான், ஜன்னலுக்கு வெளியே வேன் போகிறது. ஒரு பேச்சு இல்லை. என் விரல் தானாக மெதுவாகிவிட்டது. அதற்குக் கீழே வெள்ளை வந்தது. தள்ளினேன், இன்னும் வெள்ளை. இன்னும் தள்ளினேன். நெட் போய்விட்டதோ என்று போனை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். மறுபடியும் அதே வெள்ளை. நீ எந்தக் கதையிலும் இவ்வளவு விட்டதில்லை, இதில் பாதிகூட விட்டதில்லை. கடைசி வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன். முற்றும் என்று எழுதியிருப்பாய், அதைப் பார்த்துத் தொலைத்துவிடலாம் என்று போனேன். அங்கே ஒன்றும் இல்லை. ஒரு எழுத்து இல்லை.

நிறைய வெள்ளை விட்டால் ஆள் காத்திருக்கிறான் என்று அர்த்தம். சொன்னது நீ. உன் வாய் முடித்துவிட்டேன் என்கிறது, உன் கைக்கு அந்த ஒரு வார்த்தையை எழுத முடியவில்லை. என் விரல் பொய் சொல்லாது என்று என்னை வைத்துப் பார்த்தாயே, உன் கையை நீ பார்த்தாயா? நான் பார்த்தேன், அந்தத் தரையில் உட்கார்ந்துகொண்டு, நன்றாக இருட்டி விளக்குப் போட வேண்டிய நேரம் வரைக்கும் பார்த்தேன். அதனால் என்னால் சரி என்று சொல்ல முடியாது. கதை இன்னும் கீழே இருக்கிறது, நீ அனுப்பியது அந்த வெள்ளை வரைக்கும்தான். மிச்சத்தை எப்போது முடிகிறதோ அப்போது அனுப்பு.

அம்மா